இரவு நின்ற வண்டி காலையில் பிடிக்க மறுத்தால்: முந்தின மாலையிலேயே தொடங்க வேண்டிய சோதனை

பகலில் எத்தனை தடவை நிறுத்தினாலும் உடனே ஸ்டார்ட் ஆகிற வண்டி, விடிந்ததும் மட்டும் இழுத்து இழுத்துத்தான் பிடிக்கிறது. இந்தக் கோளாறைப் பிடிக்க ஒரு நாளைக்கு ஒரே ஒரு சந்தர்ப்பம்தான் உண்டு: காலையில் போடுகிற முதல் சாவி. என்ஜின் ஒரு தடவை ஓடிவிட்டால் பற்றரிக்குச் சார்ஜ் ஏறிவிடும், டீசல் குழாயில் நின்ற காற்று வெளியேறிவிடும், பிளக்கில் படிந்த ஈரம் காய்ந்துவிடும். பத்து மணிக்குக் கராஜில் கொண்டுபோய் விட்டால் வண்டி அங்கே அரைச் சாவியில் பிடிக்கும். மெக்கானிக் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. அதன் பிறகு ஊகத்தில் பற்றரி, பிளக், பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிக் காசு கரைவதுதான் நடக்கும். அதனால் இந்தச் சோதனையின் பெரும் பகுதியை வண்டி வைத்திருப்பவரே, வீட்டு முற்றத்திலேயே செய்ய வேண்டியிருக்கிறது. புதிதாக வண்டி வாங்கியவருக்கும் இது முடியும்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை விலக்கிவிடுவோம். “மார்கழிப் பனி, என்ஜின் விறைச்சுப் போச்சு” என்று சொல்வது வழக்கம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் மார்கழி, தை விடியலிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகை செல்சியஸுக்கு மேலேதான் நிற்கும். ஒயில் கட்டிபட்டு என்ஜினைப் பிடிக்கிற அளவுக் குளிர் அது இல்லை. நல்ல நிலையில் உள்ள எந்த வண்டியும் இந்தக் காலநிலையில் இரண்டு மூன்று விநாடிக்குள் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் இரவுக்குள் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது: மின்சாரம் வடிந்திருக்கலாம், எரிபொருள் இருந்த இடத்தை விட்டு இறங்கியிருக்கலாம், அல்லது போகக் கூடாத இடத்துக்குக் கசிந்திருக்கலாம், ஈரமும் உப்பும் மின்பாதைக்குள் புகுந்திருக்கலாம். இவை மூன்றும் இல்லையென்று உறுதியான பிறகுதான் என்ஜின் தேய்ந்துவிட்டதா என்ற கேள்வி.

எந்த இடத்தில் வண்டி இரவைக் கழிக்கிறது என்பதும் ஒரு தடயம். கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி போல் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற ஊர்களில் உப்புக் காற்று இரு பக்கமும் அடிக்கும். ரேமினல் (பற்றரி முனைக் கவ்வி), ஏர்த் வயர் (பற்றரி மைனஸை வண்டி இரும்போடு இணைப்பது), பிளக் கப் ஆகியவற்றை முதலில் சந்தேகிக்க வேண்டும். சம்மாந்துறை, அம்பாறை, வெல்லாவெளிப் பக்கம் வயலை ஒட்டி நிற்கிற வண்டிகளில், குறிப்பாக அறுவடை முடிந்து எலி வீட்டுப் பக்கம் ஒதுங்குகிற காலத்தில், கடிபட்ட வயரையும் ஹோஸையும் தேட வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 12 வோல்ட் பல்பில் இரண்டு வயர் பொருத்திய டெஸ்ட் லாம்ப், 8, 10, 12, 14 நம்பர் ஸ்பனர்கள், பிளக் ஸ்பனர், கம்பி பிரஷ், டோர்ச் லைட், மூடியுள்ள வெள்ளைக் கண்ணாடிப் போத்தல் ஒன்று. டீசல் வண்டி என்றால் உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸ் ஓரடி. இவற்றில் மல்டிமீட்டர்தான் முக்கியம். தேவையில்லாமல் மாற்றுகிற ஒரு பற்றரியின் விலையில் பல மீட்டர்கள் வாங்கலாம்.

முந்தின மாலை

வண்டியை நிறுத்தி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் பற்றரி வோல்ட்டை அளந்து எழுதுங்கள். மீட்டரை நேரோட்ட (DC) 20 வோல்ட் அளவில் வையுங்கள். நிறுத்திய உடனே அளக்கக் கூடாது. ஓடி முடிந்த சூட்டில் பற்றரி தன் உண்மை நிலையை விடக் கூடுதலாகக் காட்டும். என்ஜின் ஒயில், ரேடியேட்டர் தண்ணி அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். என்ஜினுக்கு நேர் கீழே பழைய பத்திரிகைத் தாளையோ வெள்ளை மட்டையையோ விரித்து, பறக்காமல் கல் வைத்துவிடுங்கள். இரவில் என்ன சொட்டினாலும் நிறமும் மணமும் அதில் நிற்கும்.

காலையில், சாவிக்கு முன்

அவசரப்பட்டு ஏறி உட்காராதீர்கள். மட்டையைப் பாருங்கள், மணந்து பாருங்கள். பொனெட்டைத் திறந்ததும் பச்சைப் பெற்றோல் மணம் அடித்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், கசிவைத் தேடுங்கள். பிறகு பற்றரியை மறுபடி அளந்து பாருங்கள். இரவு முழுக்க ஓய்ந்திருந்த 12 வோல்ட் ஈய அமிலப் பற்றரியில் 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால்வாசி. சார்ஜ் போட்ட பிறகும் 10.5 பக்கமே காட்டினால் ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டது என்று பொருள். அந்தப் பற்றரிக்கு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் பயனில்லை.

இப்போது ஹெட் லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். பத்து விநாடிக்கு மேல் சுற்றக் கூடாது. பிடிக்காவிட்டால் ஒரு நிமிடம் ஓயவிட வேண்டும். இடைவிடாமல் சுற்றினால் ஸ்டார்ட்டர் மோட்டரின் சுருள் கருகும். அந்தப் பத்து விநாடிக்குள் மூன்று விடயங்களைக் கவனியுங்கள்: மோட்டர் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதா, லைட் எவ்வளவு மங்குகிறது, சைலன்சரில் புகை வருகிறதா. புகையைப் பார்க்க வீட்டில் ஒருவரைப் பின்னால் நிறுத்திக்கொள்ளுங்கள். அடைத்த கராஜுக்குள் இதைச் செய்ய வேண்டாம். புகையில் இருக்கிற கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை.

இங்கேதான் பாதை பிரிகிறது. மோட்டர் மெதுவாகச் சுற்றினாலோ டிக் என்று மட்டும் கேட்டாலோ கோளாறு மின்சாரத்தில். மோட்டர் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லை என்றால் பற்றரியை மறந்துவிட்டு எரிபொருளையும் தீப்பொறியையும் பாருங்கள். இந்த ஒரு பிரிவைச் சரியாகச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மோட்டர் சோம்பலாகச் சுற்றுகிறது

“டிக் டிக் டிக்” என்று விடாமல் அடித்து, லைட்டும் சேர்ந்து மங்கினால் வோல்ட் போதவில்லை. ஒரே ஒரு கனமான “டக்” கேட்டு, லைட் மங்காமல் நின்றால் ஸ்டார்ட்டருக்குள் இருக்கிற செம்புத் தொடுப்போ கார்பன் பிரஷோ தேய்ந்திருக்கிறது. பழைய டொயோட்டாக்களில் அந்தச் செம்புத் தொடுப்புகளை மட்டும் மாற்றலாம். அதற்காக முழு மோட்டரையும் வாங்கத் தேவையில்லை.

வோல்ட் போதவில்லை என்றவுடன் புதுப் பற்றரி வாங்க ஓடாதீர்கள். மாலையில் 12.6 காட்டியது காலையில் 12.1 ஆகியிருந்தால், வடிவது பற்றரிக்குள்ளேயா, வண்டிக்குள்ளேயா என்பதை ஓர் இரவில் அறியலாம். மாலையில் பற்றரியின் மைனஸ் ரேமினலைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். காலையில் அளந்தால் 12.6 அப்படியே நின்றிருந்தால் பற்றரி நல்லது, வண்டிதான் குடிக்கிறது. கழற்றி வைத்தும் இறங்கியிருந்தால் பற்றரியே முடிந்துவிட்டது. இந்தச் சோதனைக்கு ஒரு ஸ்பனர்தான் செலவு, ஆனாலும் செய்கிறவர்கள் மிகக் குறைவு. கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில். ரேடியோ நினைவும் மணிக்கூடும் அழியும். சில கார்களில் ஓடும் வேகம் மறுபடி சீராகச் சிறிது நேரம் எடுக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

வண்டி குடிக்கிறது என்று தெரிந்தால் எவ்வளவு என்று அளக்க வேண்டும். எல்லாவற்றையும் நிறுத்தி, சாவியை எடுத்து, கதவு லைட் எரியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய மைனஸ் வயருக்கும் பற்றரியின் மைனஸ் முனைக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். கணினி உள்ள கார்களில் எல்லாம் தூங்கிப்போக அரை மணி நேரமாவது ஆகும், பொறுத்திருங்கள். பிறகு 0.05 அம்பியருக்குள் இருந்தால் இயல்பு. அதற்கு மேலே போனால் பியூஸ்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். எதை இழுத்ததும் எண் விழுகிறதோ அந்தப் பாதையில்தான் கள்ளன். எதை இழுத்தும் விழாவிட்டால், ஓடும்போது பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கிற ஒல்டர்நேட்டரின் டயோட்டையும், பியூஸ் பெட்டியைத் தாண்டி நேராகப் பற்றரியில் பிறகு கொளுவிய சாமான்களையும் சந்தேகியுங்கள். ஓட்டோக்களில் பாட்டு செட், எல்ஈடி அலங்கார விளக்கு; கார்களில் அலாரம், ஜிபிஎஸ், டாஷ் கமரா ஆகியவைதான் அநேகமாக மாட்டும். இந்த அளவீட்டின்போது தவறியும் சாவியைத் திருப்பக் கூடாது. மீட்டரின் பியூஸ் போய்விடும்.

ஒரு கணக்கும் சொல்ல வேண்டும். மறந்துபோய் எரிகிற 5 வாட் பல்ப் ஒன்று சுமார் 0.4 அம்பியர் இழுக்கும். பத்து மணி நேரத்தில் நான்கு அம்பியர் மணி. 45 அம்பியர் மணி கொண்ட நல்ல கார் பற்றரி அதைத் தாங்கி, காலையில் தயங்காமல் சுற்றும். ஆகவே சின்ன வடிகால் ஒன்று ஒரே இரவில் காரை நிறுத்துகிறது என்றால் பற்றரியும் தளர்ந்திருக்கிறது. இரண்டையும் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிளின் 3, 5 அம்பியர் மணிப் பற்றரிக்கு இதே பல்ப் ஓர் இரவில் முடிவு கட்டிவிடும்.

பற்றரியைக் கொல்வது குளிரை விட வெப்பம். நம் பக்கத்து வெயிலில் தண்ணி வற்றும், உள்ளே இருக்கிற ஈயச் சட்டம் வேகமாக அரிபடும். மூடி திறக்கிற பற்றரி என்றால் மாதம் ஒரு தடவை பார்த்து, தகடுகளுக்கு மேல் ஒரு சென்ரிமீற்றர் நிற்கும்படி காய்ச்சி வடித்த பற்றரித் தண்ணி மட்டும் விடுங்கள். கிணற்றுத் தண்ணி வேண்டவே வேண்டாம். கடலோரக் கிணறுகளில் உவர் இருக்கும், அந்த உப்பு தகட்டைத் தின்னும்.

பற்றரி நன்றாக இருந்தும் மோட்டர் சோம்பினால் மின்சாரம் வழியில் தொலைகிறது. ஒருவர் சாவியைத் திருப்பும்போது மற்றவர் அளக்க வேண்டும். சுற்றும் நேரத்தில் பற்றரி முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பற்றரி பலவீனம், அல்லது மோட்டர் அளவுக்கு மேல் இழுக்கிறது. பற்றரியின் மைனஸ் முனைக்கும் என்ஜின் இரும்புக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் வயர் கெட்டது. பிளஸ் முனைக்கும் ஸ்டார்ட்டரின் தடித்த வயர் முனைக்கும் நடுவே 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பிளஸ் பக்கம் கெட்டது. கடலோர வண்டிகளில் பெரும்பாலும் ஏர்த்தான். பற்றரியிலிருந்து வண்டியின் உடலுக்கும் என்ஜினுக்கும் போகிற வயரின் முனை பெயின்டுக்கு அடியில் பச்சை பூத்து நிற்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கழற்றி, இரும்பு மினுங்கும்வரை பிரஷால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். ரேமினலில் பூத்த வெள்ளைத் தூளுக்கு ஒரு கோப்பைச் சுடுதண்ணியில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து ஊற்றுங்கள். பொங்கி அடங்கியதும் நல்ல தண்ணியால் கழுவிக் காயவிடுங்கள். மூடி துளைகளுக்குள் அந்தக் கரைசல் போகக் கூடாது.

கடைசியாக, என்ஜின் ஓடும்போது பற்றரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பெல்ட், பிறகு ஒல்டர்நேட்டர். சார்ஜ் சரியாக வந்தும் வண்டி பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் இரண்டு கிலோமீற்றர் மட்டும் ஓடுகிறது என்றால், ஸ்டார்ட்டர் எடுத்த மின்சாரம் திரும்பி ஏறுவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. வாரம் ஒரு நாளாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்ட வேண்டும்.

வேறு வண்டியிலிருந்து கேபிள் போட வேண்டி வந்தால்: சிவப்பை முதலில் செத்த பற்றரியின் பிளஸில், பிறகு நல்லதின் பிளஸில், கறுப்பை நல்லதின் மைனஸில், கடைசி முனையைச் செத்த வண்டியின் என்ஜின் இரும்பில், பற்றரிக்குத் தள்ளி. பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வரும், கடைசித் தொடுப்பில் பொறி பறக்கும். இரண்டும் சந்திக்கக் கூடாது என்பதுதான் காரணம்.

டீசல்: மோட்டர் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

டொல்பின் வான், டிமோ பட்டா என்கிற சின்ன லொறி, எல்ஃப் லொறி, டிராக்டர் எல்லாவற்றிலும் காலைப் பிரச்சினையில் பெரும் பங்கு இதுதான். புகையே பதில் சொல்லும். சுற்றும்போது புகையே இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை.

புகை இல்லாத நிலையில் முதலில், சாவியை ஓன் செய்ததும் டீசல் பம்பில் டீசலைத் திறந்து மூடுகிற ஸ்டொப் சொலினோயிட் “டிக்” என்கிறதா என்று கேளுங்கள். கேட்காவிட்டால் அதன் வயரில் மின்சாரம் வருகிறதா என டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். கேட்டால், மறுநாள் காலை சாவி போடுவதற்கு முன் பில்டருக்கு மேலே இருக்கிற கைப் பம்பை அமுக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று அமுக்கலில் இறுகிவிட்டால் குழாய் நிறைந்திருக்கிறது. இருபது முப்பது தடவை பஞ்சு போல் போய், பிறகு இறுகி, அதன் பின் வண்டி ஒரே சாவியில் பிடித்தால் கோளாறு பிடிபட்டுவிட்டது: எங்கோ காற்று புகுந்து, டீசல் இரவில் டாங்கிக்கே திரும்பி இறங்குகிறது.

புதியவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள், “எங்கேயும் சொட்டவில்லையே” என்று. டாங்கியிலிருந்து பம்ப் வரை உள்ள பாதை உறிஞ்சுகிற பாதை; அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஆகவே ஈரம் தேடிப் பயனில்லை. பம்புக்குள் போகிற ஹோஸுக்குப் பதிலாக, அதே அளவில், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸைப் பொருத்தி என்ஜினை ஓடவிட்டுக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதே ஹோஸை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கி நகர்த்துங்கள். பில்டருக்குப் பின் குமிழ் இருந்து, பில்டருக்கு முன் இல்லையென்றால் காற்று பில்டர்த் தலையில் புகுகிறது. இது சோதனைக்கு மட்டும். சூட்டில் அந்த ஹோஸ் இளகும், அப்படியே விட்டு ஓட்டக் கூடாது.

குமிழ் தெரியாமலே இரவில் இறங்குகிற வண்டியும் உண்டு. அதற்குப் போத்தல் சோதனை: ஒரு லீற்றர் சுத்தமான டீசலைப் பம்பை விட உயரமான இடத்தில் கட்டி, அதிலிருந்து ஹோஸை நேராகப் பம்பின் உள்வழிக்குக் கொடுத்து இரவு விடுங்கள். காலையில் உடனே பிடித்தால் பம்பும், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டரும் நல்லவை, கோளாறு டாங்கிக்கும் பம்புக்கும் இடையில். டீசல் பம்பை இறக்கி ரிப்பேர் செய்யச் சொன்னால், அந்தப் பெரிய செலவுக்கு முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

காற்று அதிகம் புகுகிற இடங்கள் இவை: வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், கைப் பம்பின் ரப்பர், ஒருக்கால் கழற்றிய பின் மாற்றாமல் பூட்டிய செம்பு வொஷர், தண்ணி பிரிக்கும் கிண்ணத்தின் வளையம், பில்டர் மாற்றும்போது இரட்டையாக ஒட்டிக்கொண்ட பழைய வளையம். இன்ஜெக்டர்களை இணைக்கிற மெல்லிய ரிட்டர்ன் ஹோஸையும் விட்டுவிடாதீர்கள். அதில் காற்று போனாலும் டீசல் இறங்கும். பில்டரைப் பூட்டும்போது வளையத்தில் டீசல் தடவி, தொட்டதிலிருந்து முக்கால் சுற்று கையால் இறுக்கினால் போதும். டீசல் குழாயில் ஒருவழி வால்வு போட்டுச் சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது காற்று வாசலைத் திறந்தே வைத்திருக்கும், அதனால் அந்த வழியைச் சிபாரிசு செய்ய முடியாது.

வெள்ளைப் புகை என்றால், ஸ்டார்ட் ஆகுமுன் என்ஜினுக்குள் சூடேற்றுகிற ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். பழைய டொயோட்டா 2எல், 3எல் போன்ற என்ஜின்களில் டீசல் முதலில் ஒரு சிறு அறைக்குள் தெளிக்கப்படுகிறது. அந்த அறை நம் ஊர்க் காலையிலும் ஹீட்டர் இல்லாமல் போதிய சூடு பெறாது. எல்லாப் பிளக்கையும் இணைக்கிற தகட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றையும் ஓம் அளவில் பாருங்கள். நல்லது ஒன்றிரண்டு ஓமுக்குள் காட்டும், செத்தது எதுவும் காட்டாது. நான்கும் நல்லவை என்றால் சாவி ஓனில் தகட்டுக்கு வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ரிலே அல்லது பெரிய பியூஸ். சில டொயோட்டாப் பிளக்குகள் 12 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை அல்ல. உடலில் பொறித்த எண்ணைப் பார்க்காமல் பற்றரியில் நேராக வைத்துச் சோதித்தால் விநாடிகளில் எரிந்துபோகும். டிமோ பட்டாவின் 702 சிசி என்ஜினுக்கு இரண்டே சிலிண்டர். ஒரு பிளக் போனால் பாதி என்ஜின் போனதற்குச் சமம். வாசலில் ஒரு நிமிடம் உதறி வெள்ளைப் புகை விட்டு, பிறகு சீராக ஓடுகிற பட்டாவில் முதலில் இதைப் பாருங்கள்.

ஈதர் ஸ்ப்ரே அடித்து ஸ்டார்ட் செய்வது ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் ஆபத்து. பழுக்கக் காய்ந்த முனையில் அது நேரம் தவறி வெடித்து பிஸ்டனை உடைக்கும். டி4டி போன்ற கொமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய்) என்ஜின்களில் இன்ஜெக்டர்க் குழாய் நட்டைத் தளர்த்திப் பார்க்கிற பழைய வழக்கமும் கூடாது. அங்கே அழுத்தம் 1000 பாரைத் தாண்டும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

மாரி காலத்தில் வெள்ளம் கடந்த வண்டிகளில், லேண்ட்மாஸ்டர் என்கிற இரு சக்கர உழவு இயந்திரமும் டிராக்டரும் உட்பட, தண்ணி பிரிக்கும் கிண்ணத்தை வாரம் ஒரு தடவையாவது திறந்து போத்தலில் பிடியுங்கள். தண்ணி அடியில் தனியாக நிற்கும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் கான்களில் சேமித்த பழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. மூடி இறுகாத கானில் ஈரம் சேரும், அடியில் நிற்கிற கடைசி ஓரங்குலத்தை டாங்கிக்குள் ஊற்ற வேண்டாம்.

மோட்டார் சைக்கிள், ஓட்டோ: கார்புரேட்டர் வண்டிகள்

முதல் உதைக்கு முன் கார்புரேட்டரின் அடியில் இருக்கிற வடிகால் ஸ்குருவைத் தளர்த்தி, வருகிற பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். ஒன்றும் வராவிட்டால் கிண்ணம் காய்ந்திருக்கிறது: டப் (டாங்கியில் பெற்றோலைத் திறந்து மூடுகிற திருகு) அடைப்பு, பில்டர் அடைப்பு, அல்லது பல நாள் நின்றதால் ஆவியானது. அடியில் முத்து முத்தாகத் தண்ணி உருண்டால் டாங்கியையும் கழுவ வேண்டும். கிண்ணத்துக்கு வெளியே ஈரமும் மணமும் இருந்தால் மிதவையின் ஊசி சரியாக மூடவில்லை. இரவில் பெற்றோல் வழிந்து சிலிண்டருக்குள் போகிறது. உறுதிப்படுத்த ஓர் இரவு டப்பை மூடி வையுங்கள். மறுநாள் உடனே பிடித்தால் ஊசியை மாற்றுங்கள். ஒயில் அளவு கூடி, ஒயிலில் பெற்றோல் மணந்தால் ஒயிலை மாற்றாமல் ஓட்டாதீர்கள். நீர்த்துப்போன ஒயில் பெயாரிங்கைக் காப்பாற்றாது.

சோக்கை இழுத்துவிட்டு அக்ஸிலேட்டரையும் முறுக்குவது எல்லோரும் செய்கிற தப்பு. இந்தக் கார்புரேட்டர்கள் பலவற்றில் சோக் தனித் துளை வழியே பெற்றோல் இழுக்கிறது. அக்ஸிலேட்டரைத் திறந்தால் அந்த உறிஞ்சல் விழுந்துவிடும். சோக்கை முழுக்க இழுத்து, அக்ஸிலேட்டரைத் தொடாமல் உதையுங்கள். சூடான பின்னும் சோக் இல்லாமல் என்ஜின் ஓடி நிற்கவில்லை என்றால் பைலட் ஜெட் (மெதுவாக ஓடும்போது பெற்றோல் தருகிற சிறு துளை) அடைத்திருக்கிறது.

அடுத்தது பிளக். காலையிலேயே கழற்றுங்கள். காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை, நனைந்திருந்தால் பொறி வரவில்லை அல்லது பெற்றோல் மிகை. பிளக்கைக் கப்பில் கொளுவி, அதன் உடலை என்ஜின் இரும்பில் அழுத்தி, பிளக் துளைக்குத் தள்ளி வைத்து உதைத்துப் பாருங்கள். நீலமாகச் சடசடத்தால் நல்லது. மெல்லிய மஞ்சள் பொறி சிலிண்டர் அழுத்தத்துக்குள் அணைந்துபோகும். இடைவெளி பெரும்பாலான சிறிய என்ஜின்களில் 0.6 முதல் 0.8 மிமீ வரை. உங்கள் மொடலின் கையேட்டு அளவே முடிவு. பல்சர், டிஸ்கவர் மொடல்கள் பலவற்றில் இரண்டு பிளக். ஒன்றை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். கப்பைக் கழற்றினால் வயர் முனை கறுத்தோ பச்சையாகவோ இருக்கும். அரைச் சென்ரிமீற்றர் வெட்டிவிட்டுப் புதுச் செம்பில் முறுக்கிப் பூட்டினாலே பல வண்டிகள் சரியாகிவிடும்.

மழை நாளில் மட்டும் தொல்லை என்றால் விடியுமுன் இருட்டில் மோட்டரைச் சுற்றிப் பாருங்கள். வெடித்த பிளக் வயரிலும் பழைய கார்களின் டிஸ்ரிபியூட்டர் மூடியிலும் நீலப் பொறி வெளியே ஓடுவது கண்ணுக்குத் தெரியும். துடைத்துக் காயவைத்தால் அன்றைக்கு ஓடும், மறுநாளும் அதேதான், மாற்றத்தான் வேண்டும். வண்டியைப் பொலித்தீனால் இறுகப் போர்த்துவது நிலத்து ஈரத்தை உள்ளேயே அடைக்கும். கூரைக்குக் கீழே காற்றோட்டமாக நிறுத்துவது மேல்.

இன்ஜெக்ஷன் பெற்றோல் கார்களும் ஹைபிரிட்டும்

விட்ஸ், ஒல்டோ போன்றவற்றில் சாவியை ஓனில் மூன்று விநாடி வைத்து, நிறுத்தி, இப்படி மூன்று தடவை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இதனால் மட்டும் உடனே பிடித்தால் இரவில் பெற்றோல் அழுத்தம் இறங்குகிறது: டாங்கிப் பம்பின் ஒருவழி வால்வோ கசிகிற இன்ஜெக்டரோ காரணம். இரண்டாவது சோதனைக்கு, காரின் கணினியை வாசித்து ஃபோனில் காட்டுகிற சிறிய ஓபிடி கருவி போதும். இரவு முழுக்க நின்ற காரில் ரேடியேட்டர்த் தண்ணியின் சூடும் உள்ளே போகிற காற்றின் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 26, தண்ணி 60 என்று காட்டினால் தண்ணியின் சென்சர் கணினியை ஏமாற்றுகிறது. என்ஜின் சூடாக இருக்கிறது என்று நம்பிக் கணினி பெற்றோலைக் குறைக்கும்.

ஹைபிரிட்டில் “ரெடி” வராவிட்டால் முதலில் சின்ன 12 வோல்ட் பற்றரியைத்தான் பாருங்கள். பெரிய பற்றரியையும் செம்மஞ்சள் வயர்களையும் தொடக் கூடாது. மூன்றாம் தலைமுறை பிரியஸ் காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆனதும் பலமாக உதறி, சில விநாடியில் அடங்கினால், ரேடியேட்டர்த் தண்ணி அளவைக் கவனியுங்கள். என்ஜின் தலைக்கும் உடலுக்கும் நடுவே இருக்கிற ஹெட் கஸ்கட் வழியே இரவில் தண்ணி சிலிண்டருக்குள் கசிவது அந்த என்ஜினில் நன்கு அறியப்பட்ட கோளாறு. தண்ணி குறைந்துகொண்டே வந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள்.

எல்லாம் சரி, இன்னும் பிடிக்கவில்லை

இப்போதுதான் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்குகிற காற்றின் அழுத்தம். பெற்றோல் என்ஜினில் பொதுவாக 10 முதல் 13 பார் வரை; பழைய டீசலில் 20 பாருக்குக் கீழே போனால் காலையில் பிடிப்பது கடினம். சிலிண்டர்களுக்கிடையே உள்ள வித்தியாசமும் முக்கியம். பெற்றோல் என்ஜினில் குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கஸ்கட். வால்வு என்றதும் ஹெட்டைக் கழற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் வால்வு இடைவெளியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இடைவெளி இல்லாமல் இறுகிய வால்வு முழுக்க மூடாமல் கம்ப்ரஷனைக் கசியவிடும். மோட்டார் சைக்கிளில் அதைச் சரிசெய்வது குளிர்ந்த என்ஜினில், பீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) ஒன்றை வைத்து அரை மணி நேரத்தில் முடிகிற வேலை.